காத்துக் குறைவு

செவ்வாய், வியாழன், ஆறேகால்.
ரியூசன் விட்டதும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருவாள்:
"அண்ணை, பின்சில்லுக்குக் காத்துக் காணாது."
பெருவிரலாலை அமத்திப் பாப்பன்.
கல்லு மாதிரி நிக்கும் ரயர்.

முதல்நாள், "காணும் பிள்ளை, போ" எண்டன்.
போகேல்லை.
மண்ணிலை சில்லு கீறின கோட்டைக்
காலாலை அழிச்சுக்கொண்டு நிண்டாள்.

ரெண்டாம் கிழமை
வால்வைத் திறந்து இருந்த காத்தை வெளியிலை விட்டன்.
பிறகு பம்பை எடுத்து
ஆறுதலாய், எண்ணி எண்ணி அடிச்சன்.
கோண்டாவிலிலை இவ்வளவு மெதுவாய்
ஒருத்தரும் காத்தடிச்சிருக்க மாட்டினம்.
அவள் ஒழுங்கைப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டாள்.
நான் அவள் பாக்கிறதைப் பாத்தன்.

பேர் யதுர்சிகா. அஞ்சாம் வகுப்பு.
தகப்பன் கட்டாரிலை.
தாய்க்கு ஆசுப்பத்திரியிலை பின்னேர வேலை,
வீடு திறக்க ஏழரை ஆகும்.
இவ்வளவும் அவள் சொன்னது.
சொல்லாதது
டிப்போ மதிலுக்குப் பின்னாலை
மதகடியிலை நிண்டது.

எனக்கும் பயம்.
ஐம்பத்திரண்டு வயசு, தனிக்கட்டை.
பொழுதுபட்ட நேரம் ஒரு பொம்பிளைப் பிள்ளையைக்
கடையிலை மறிச்சு வைச்சிருக்கிறான், ஏன் எண்டு
நாளைக்கு ஆரும் கேட்டால்
அதுவும் சரியான கேள்விதான். கேக்கத்தான் வேணும்.
அதாலை முன்கடை யூலியற்றுக்குக் குரல் குடுத்தன்:
"அக்கா, உங்கடை போட்டோக்கொப்பி மிசினைக்
கொஞ்சம் நிப்பாட்டிப்போட்டு வாங்கோ."

யூலியற் அக்கா ஒண்டும் விசாரிக்கேல்லை.
பிழையாய் அடிபட்ட தாளுகளை அடுக்கித் தா எண்டா.
வெள்ளைப் பக்கம் மேலை, எழுத்துப் பக்கம் கீழை.
நாப்பதாம் தாளோ என்னவோ,
பிள்ளை வாய் திறந்தது:
மோட்டச்சைக்கிளோடை ஒரு ஆள்.
அப்பாவின்ர சிநேகிதனாம்.
ஏறு, கொண்டுபோய் விடுறன் எண்டு
ஒவ்வொரு முறையும்
பேர் சொல்லிக் கூப்பிடுறானாம்.

நாங்கள் ஒருகாலம்
நாய் குலைச்சால் விளக்கை நூத்த சனம்.
பக்கத்து வளவிலை ஆரைக் கொண்டுபோனாலும்
நாங்கள் காணேல்லை.
காணாததாலைதான் உயிரோடை இருந்தம்.
அந்தப் பழக்கம் இன்னும் கண்ணுக்குள்ளை இறுகிக் கிடக்கு,
கறள் பிடிச்ச நட்டு.
எண்ணெய் விட்டு, தட்டித் தட்டித்தான்
கழட்ட வேணும்.

அண்டிரவே தாயோடை கதைச்சது யூலியற் அக்கா.
அடுத்தநாள் பொலிசிலை முறைப்பாடு எழுத
மூண்டு மணித்தியாலம்.
எழுதினவருக்கு மதகு எங்கை எண்டு விளங்கேல்லை.
பேனையை வாங்கி
நானே படம் கீறிக் குடுத்தன்.

அதுக்குப் பிறகு அந்த ஒழுங்கைக்குள்ளை
திடீரெண்டு எல்லாருக்கும் வேலை.
கச்சான் விக்கிற குகதாசன்
வண்டிலை மதகடிக்கு மாத்தினான்,
இங்கை ஒரு யாவாரமும் இல்லை எண்டு
என்னைப் பேசிப் பேசி.
டிப்போ றைவர் செல்வச்சோதி ஆறரைக்கு வந்து நிண்டு
போனிலை சத்தமாய்ச் சண்டை பிடிப்பார்,
மற்றப் பக்கத்திலை ஆளே இல்லாமல்.
கம்பத்து லைற் மட்டும்
பிரதேச சபைக்கு நாலு கடிதம் போட்டும்
எரியேல்லை.

மோட்டச்சைக்கிள் பிறகு வரேல்லை.
வேறை எந்த மதகடியிலை நிக்குதோ எண்டு நினைச்சால்
நித்திரை கலையுது.
இணுவிலிலை சைக்கிள் கடை வைச்சிருக்கிறவருக்கு
நம்பரைச் சொல்லியிருக்கிறன்.
அவர் சுன்னாகத்துக்குச் சொல்லுவாராம்.

இண்டைக்கு வியாழன்.
அவள் நிக்கேல்லை.
மூண்டு பெட்டையளோடை, ஏதோ சொல்லிச் சிரிச்சு,
மணியை அடிச்சபடி
கடையைக் கடந்து போனாள்.
பின்சில்லிலை உண்மையாய்க் காத்துக் குறைவு.
கண்டன்.
கூப்பிடேல்லை.
செவ்வாய்க்கிழமை பாப்பம்.